அந்த மேசையைக் குடுக்க வேண்டாம்



கோடைச் சந்திப்புக்கான திட்டக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. ஈஸ்ட் ஹாமில் ‘சூழலுக்கு இசைவான’ வீட்டுப் பாவனைப் பொருட்கள் விக்கிற தமிழ்ப் பெண்கள் குழு ஒன்றுக்கு எங்கட நிகழ்வில ஒரு மேசை குடுப்பம் எண்டு. சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. விக்கிறவை உழைக்கும் பெண்கள். பொருட்களில் பிளாஸ்டிக்கும் இரசாயனமும் குறைவு. லாபத்தில் ஒரு பங்கு எங்கட செலவுக்கும் வரும். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கு. அதுக்கு முதல் நான் ஏன் இதை எதிர்க்கிறன் எண்டதை எழுதி வைக்கிறன்.

நான் அந்தப் பெண்களை எதிர்க்கேல்லை. ‘பேராசை பிடிச்ச சனம்’ எண்டு சிரிக்கிற இடதுசாரித்தனத்தில எனக்கு உடன்பாடு இல்லை. அவைக்கு மேல நிண்டு காசு எடுக்கிற முறையைத்தான் எதிர்க்கிறன்.

விக்கப்படுறது சவர்க்காரம் இல்லை

கோப்பை கழுவுற திரவத்தைக் கடையில வாங்கினால் காசு குடுத்தவுடன கதை முடிஞ்சுது. இஞ்சை முடியாது. வாங்கினவ விக்கிறவவாக மாறவேணும், பிறகு தனக்குக் கீழ ஆக்களைச் சேர்க்கவேணும். அவை வாங்கிறதில மேல இருக்கிறவைக்கு ஒரு விகிதம். அந்த விகிதம் கிடைக்க மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட தொகைக்குத் தானும் வாங்கவேணும். அதாவது வேலை செய்யிறதுக்குத் தொழிலாளியே காசு கட்டுறா.

‘ஆறு பேரைச் சேருங்கோ, அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கட்டும்’ எண்டுதான் பொதுவாகப் படம் கீறிக் காட்டுவினம். கணக்கைப் போட்டுப் பாருங்கோ. 6, 36, 216, 1,296, 7,776, 46,656. ஏழாவது படியில 2,79,936. 2021 குடிசனக் கணக்கெடுப்பில தமிழை முதன்மை மொழியாகச் சொன்னவை இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கச் சுமார் 1,25,000 பேர். ஏழாவது படிக்குத் தமிழர் காணாது. எட்டாவது படிக்கு நியூஹாம் முழுக்கச் சேர்ந்தாலும் காணாது.

இன்னொரு விசயம். ஆறாறாக வளருற எந்த மரத்திலும், எந்தக் கட்டத்தில நிறுத்தினாலும், ஏறத்தாழ ஆறில ஐந்து பங்கு ஆக்கள் கடைசிப் படியில நிப்பினம். அவைக்குக் கீழ ஆருமில்லை, விகிதமும் இல்லை. கெட்டிக்காரத்தனமோ உழைப்போ இதை மாத்தாது. ‘நீர் முயற்சி செய்யேல்லை’ எண்டு அவைக்குச் சொல்லப்படுறது பச்சைப் பொய்.

நீதிமன்றம் வரைக்கும் போன கணக்கு

இந்த வகை வியாபாரத்தின் தாய்க் கம்பனி எண்டு சொல்லக்கூடிய ஆம்வே 1959இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கியது. அதின்ர முதல் பொருளே மக்கிப்போகும் எண்டு விளம்பரப்படுத்தின ஒரு துப்புரவுத் திரவம். ‘பச்சை’ எண்டது இந்த வியாபாரத்துக்குப் புதுசாப் பூசின நிறமில்லை, முதல் நாளில இருந்து இருக்கு.

2007இல் பிரித்தானிய அரசாங்கம் ஆம்வேயின் இந்நாட்டுக் கிளையை மூடச் சொல்லி நீதிமன்றம் போனது. 2008இல் நீதிபதி நொறிஸ் மூட மறுத்தார். கம்பனி தன் விதிகளைத் திருத்திவிட்டது எண்டது அதுக்குக் காரணம். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கு: 33,000க்கு மேற்பட்ட விற்பனையாளர்களில் வியாபாரத்தைக் கட்டி எழுப்பிற செலவை ஈடுசெய்யிற அளவுக்கு உழைச்சவை சுமார் 90 பேர்தான். ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட இல்லை.

இந்தியாவில் 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை ஆம்வேயின் 757.77 கோடி ரூபாய் பெறுமதியான சொத்துக்களை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிற அதின்ர தொழிற்சாலையும் அதில அடக்கம். இது குற்றச்சாட்டு, தீர்ப்பு அல்ல. இலங்கையில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்யுது. 2023இல் மத்திய வங்கி அப்படியான கம்பனிகளின்ர பெயர்களை வெளியிட்டது. ‘ஊரிலதான் ஏமாத்துவினம், லண்டனில சட்டம் இருக்கு’ எண்டு எங்கட ஆக்கள் நினைக்கினம். உண்மை மறுபக்கம். ஆள் சேர்க்கிறதில இல்லாமல் பொருள் விக்கிறதில இருந்துதான் முக்கியமாக வருமானம் வருது எண்டால் இஞ்சை இது சட்டப்படியான வியாபாரம்.

நல்ல பெயர் உள்ள கம்பனி எண்டாலும் கதை பெரிசா மாறாது. 1976இல் பிரைட்டனில் அனிதா றொடிக் தொடங்கின பொடி ஷொப், அறம் சார்ந்த வியாபாரத்துக்கு எடுத்துக்காட்டு எண்டு சொல்லப்பட்டது. வீட்டுக் கூட்டங்கள் வழியாகப் பெண்களை வைத்து விக்கிற பிரிவும் அதுக்கு இருந்தது. 2024இன் தொடக்கத்தில் புது உரிமையாளர்கள் அந்தப் பிரிவை மூடினார்கள். அந்தப் பெண்கள் ‘சுயதொழில்’ செய்தவை எண்டபடியால் ஒரு கடைத் தொழிலாளிக்குக் கிடைக்கிற ஆட்குறைப்புப் பணம்கூட அவைக்கு உரிமை இல்லை.

ஆம்வே காசு எங்கே போனது எண்டும் தெரிஞ்சு கொள்ளுங்கோ. நிறுவனரின் மகனும் கம்பனியின் முன்னாள் தலைவருமான டிக் டிவோஸ், 2012இல் மிச்சிகனில் தொழிற்சங்கங்களின் கையை முறிக்கிற சட்டத்துக்குப் பின்னால நிண்ட முக்கியமான ஆள். அவரின் மனைவி பெட்சி, ட்ரம்பின் முதல் ஆட்சியில் கல்வி அமைச்சர்.

‘பச்சை’ எவ்வளவு பச்சை?

‘எங்கட திரவம் மக்கிப்போகும்’ எண்டு போத்தலில பெரிசா அடிச்சிருக்கும். 2005இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய சலவைப்பொருள் ஒழுங்குவிதி, எந்தச் சவர்க்காரத்தூளில் இருந்தாலும் நுரை வாறதுக்குக் காரணமான பொருள் முழுமையாக மக்கிப்போக வேணும் எண்டு கட்டாயப்படுத்தினது. பிரெக்ஸிற்றுக்குப் பிறகும் அந்த விதி இந்நாட்டுச் சட்டத்தில இருக்கு. ‘பொஸ்பேற் இல்லை’ எண்டதும் அப்படித்தான்: வீட்டுச் சலவைத்தூளில் அதை 2013இலேயே சட்டம் கட்டுப்படுத்தியாச்சு. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில ஆக மலிஞ்ச போத்தலுக்கும் பொருந்துற சட்டத்தை இவை மூன்று மடங்கு விலைக்குத் தங்கட நல்ல குணமாக விக்கினம்.

‘இரசாயனமே தேவையில்லை, இந்தத் துணி காணும்’ எண்டு விக்கிற மைக்ரோஃபைபர் துணி பொலியெஸ்டராலும் பொலியமைட்டாலும் ஆனது. அது பிளாஸ்டிக். மெஷினில போட்டுத் தோய்க்கேக்க நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் தண்ணியோட போகும்.

அந்தத் தண்ணி எங்க போகுது? எங்களுக்குத் தெற்கால இருக்கிற பெக்டன் கழிவுநீர் நிலையத்துக்கு. அதை நடத்துறது தேம்ஸ் வோட்டர், 1989இல் தனியாருக்கு விக்கப்பட்ட கம்பனி. 2025 மே மாதம் கழிவுநீர் விதிமீறலுக்கும் பங்குலாபம் குடுத்ததுக்குமாக அதுக்கு 122.7 மில்லியன் பவுண் தண்டம் விழுந்தது. ஆத்தில மலம் விடுறவை பங்குலாபம் எடுக்கினம். ஒரு பராமரிப்புத் தொழிலாளி தன்ர சமையலறைச் சவர்க்காரத்தை மாத்தி உலகத்தைக் காப்பாத்த வேணும் எண்டு அவவுக்கு வகுப்பு எடுக்கினம். சூழல் அரசியலை இதைவிட மோசமாக ஏலம் போடேலாது.

பிறகும் ஏன் எங்கட பெண்கள் சேருகினம்?

இதைத்தான் நாங்கள் உண்மையாக் கதைக்க வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா ஊரில ஆசிரியை. இஞ்சை காலமையும் பின்னேரமும் வீடு வீடாய்ப் போய் வயசானவையைப் பராமரிக்கிற வேலை; இடையில பஸ்ஸில போற நேரத்துக்குச் சம்பளம் இல்லை. மொழி காரணமாக அலுவலக வேலை கிடைக்கேல்லை. பிள்ளை பராமரிப்புக்குக் குடுக்கக் காசில்லை. அப்ப ஒருத்தி வந்து அவவைப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுறா. சபை எழும்பிக் கைதட்டுது. ‘உங்கட நேரம், உங்கட பிஸ்னஸ்’ எண்டு சொல்லினம். இந்த நாட்டுக்கு வந்து பத்து வருசத்தில அவவுக்கு ஆரும் கைதட்டினது அதுதான் முதல் தரம்.

இப்ப அவவின்ர கட்டிலுக்குக் கீழ விக்காத பெட்டிகள். அது பரவாயில்லை எண்டுறா. தாங்கேலாதது வேற. சாமத்திய வீட்டுக்குப் போனால் சனம் விலகிப் போகுதாம். ‘அக்கா வாறா, கற்றலொக்கோட வாறா.’

இழந்த காசு ஒருநாள் திரும்பி வரும். அந்த உறவு வராது. புலம்பெயர்ந்த சனத்திட்ட வங்கியில பெரிசா ஒண்டும் இல்லை. இருக்கிறது அக்கா, மாமி, சித்தப்பா, தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில நிக்கிற தாய்மார், கோயில், சீட்டு. அவசரத்துக்கு ஐந்நூறு பவுண் மாறித் தாற ஆக்கள். இந்த வியாபாரம் அந்த நம்பிக்கையைத்தான் மூலதனமாக எடுத்து, விகிதமாக மாத்தி, மேல அனுப்புது. மாமியிட்ட ‘வேண்டாம்’ எண்டு சொல்லேலாது எண்டது கம்பனிக்கு நல்லாத் தெரியும்.

‘சுப்பர்மார்க்கெட்டும் முதலாளித்துவம்தானே’

கூட்டத்தில ஒரு தோழர் இப்படிக் கேட்டார். உண்மை. ஆனால் சுப்பர்மார்க்கெட்டில வேலை செய்யிறவவுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் இருக்கு, விடுமுறை இருக்கு, சங்கத்தில சேரலாம். அவவுக்கும் பக்கத்துக் காசாளருக்கும் ஒரே முதலாளி. இஞ்சை முதலாளி ஆரெண்டே தெரியாது. மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் சொந்தக்காரர்.

1889இல் இதே பெக்டனில், எரிவாயுத் தொழிற்சாலையில வில் தோர்னும் கூட இருந்தவையும் சங்கம் கட்டி, 12 மணித்தியால வேலையை 8 மணித்தியாலமாக்கினவை. எலினோர் மார்க்ஸ் கூட நிண்டவ. அவை ஒருத்தரை ஒருத்தர் சேர்த்ததும் ஆள் ஆளாகத்தான். ஆனால் அந்தச் சேர்க்கையில கடைசியாச் சேர்ந்தவருக்கும் அதே எட்டு மணித்தியாலம் கிடைச்சது.

ஆகவே என்ர முன்மொழிவு:

1. ஆள் சேர்க்கிறதுக்கு விகிதம் குடுக்கிற எந்தக் கம்பனிக்கும் எங்கட நிகழ்வுகளில் மேசை இல்லை. எங்களுக்கு வாற பங்கும் வேண்டாம்.

2. அந்தப் பெண்களைத் தனித்தனியாக, கம்பனி இல்லாமல் கூப்பிடுவம். சாப்பாடோ தையலோ, அவையே செய்ததை விக்கட்டும். முழுக் காசும் அவைக்கு.

3. ஊரில எங்கட தாத்தாமார் கட்டின சங்கக்கடையை நினையுங்கோ. லண்டன் தண்ணியில கேத்திலில பிடிக்கிற சுண்ணாம்புக்கு எலுமிச்சை உப்பு எண்டுற சிட்ரிக் அமிலம் காணும். அழுக்குக்குச் சலவைச் சோடா. மூட்டையாக வாங்கி, வாங்கின விலைக்குப் பிரிப்பம்.

4. தமிழில ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம். இந்த நாட்டில முதல் 7 நாளில 200 பவுணுக்கு மேல கட்டச் சொல்லேலாது. சேர்ந்து 14 நாளுக்குள்ள விலகிக் காசைத் திருப்பிக் கேக்கலாம். இது கனபேருக்குத் தெரியாது. கோயில் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் குடுப்பம்.

5. சூழல் பற்றிக் கதைக்க மேசை வேணுமெண்டால், அதில தேம்ஸ் வோட்டரைப் பொதுவுடைமையாக்கச் சொல்லுற கையெழுத்துத் தாளை வைப்பம்.

மாறுபடுறவை அடுத்த கூட்டத்துக்கு முதல் இந்த மின்னஞ்சலுக்கே மறுமொழி எழுதுங்கோ. அடுத்த இதழில போடுவம். மேசை கேட்ட அக்காமாரிட்ட ‘இல்லை’ எண்டு சொல்லப் போறது ஆரெண்டும் யோசியுங்கோ. ஒரு குறுஞ்செய்தியில முடிக்கிற வேலை இல்லை அது. வீட்டை போய், தேத்தண்ணி குடிச்சு, ஏனெண்டு சொல்லவேணும். நான் போறன். கூட வர ஒரு ஆள் வேணும்.

தோழமையுடன்,
ஈஸ்ட் ஹாமில் இருந்து