கண்ணாடி மலையும் அகத்திக் கொடிக்காலும்

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் என் மகனைக் காணச் சென்றிருந்தபோது, அவன் என்னை முதலில் அழைத்துச் சென்ற இடம் கோவிலுமன்று, கடைவீதியுமன்று, ஒரு தோட்டம். அதுவும் கூரைக்குள் அடைத்த தோட்டம். நாங்குநேரியில் நாற்பது ஆண்டுகளாக நெல்லும் வாழையும் பயிரிட்டு வருபவனைக் கட்டணம் செலுத்திச் செடிகளைக் காட்ட அழைத்துப் போவது வேடிக்கையாகவே தோன்றிற்று. ஆயினும் உள்ளே சென்று வந்தபின் அந்த எண்ணம் மாறிவிட்டது. ஊர் திரும்பியதும் நண்பர் சிலர், “நம் திருநெல்வேலிக்கும் அத்தகைய கண்ணாடித் தோட்டமொன்று வேண்டாமா?” என்று வினவினர். அவர்களுக்கு நின்றபடியே விடை கூற இயலவில்லை. ஆதலின் இங்கு எழுதலானேன்.

கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் அமைந்துள்ள அவ்விடத்திற்குக் கரையோரப் பூந்தோட்டங்கள் என்று பெயர். 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 250 ஏக்கரா பரப்பில் இரண்டு பெரிய கண்ணாடிக் கூடங்கள் சிப்பி ஓடுகளைக் கவிழ்த்து வைத்தாற்போல் நிற்கின்றன. ஒன்று மலர்க்கூடம், சுமார் மூன்று ஏக்கரா. உள்ளே நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மற்றொன்று மேகக்காடு, இரண்டு ஏக்கரா. அதனுள் 35 மீட்டர் உயரமுள்ள மலையொன்றைக் கட்டி, அதன் உடலெங்கும் பெரணியும் பாசியும் மரத்தொற்று ஆர்க்கிடுகளும் படரவிட்டிருக்கின்றனர். உச்சியிலிருந்து அருவி விழுகின்றது. யந்திரத் தூக்கியில் மேலே ஏறி, ஆகாயத்தில் தொங்கும் நடைபாதை வழியே சுற்றிச் சுற்றி இறங்கிவர வேண்டும். வெளியே உடல் வியர்த்துக் கொட்டும். உள்ளே 23 முதல் 25 டிகிரி வரை குளிர்ச்சி. மார்கழி விடியலில் களக்காட்டு மலையடிவாரத்தில் நிற்பது போன்றிருந்தது.

மலர்க்கூடத்தில் ஒலிவ மரங்களைக் கண்டேன். பருத்த வயிறுடைய பெருக்க மரங்களையும் கண்டேன். ஆனைப்புளி என்று நம்மவர் கூறும் இம்மரம் ராமநாதபுரம் கரையோரத்தில் எவர் கவனிப்புமின்றி வெயிலில் நிற்கின்றது. அங்கே அதற்குக் குளிர்காற்று விசுகின்றனர். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நிற்க. கட்டடக் கலையைப் பற்றி ஒரு வார்த்தை. செடியைப் பார்த்துக் கட்டடம் கட்டுவது புதிய வழக்கமன்று. இங்கிலாந்தில் ஒரு குடியானவரின் மகனாகப் பிறந்து தோட்டக்காரராக வேலை பார்த்த ஜோசப் பாக்ஸ்டன் என்பவர், அமேசான் ஆற்றின் பேரல்லியைத் தம் எஜமானரின் கண்ணாடி வீட்டில் வளர்த்து 1849-இல் பூக்கச் செய்தார். அதன் இலையின்மீது தம் சிறு பெண்ணை நிறுத்திப் பார்த்தாராம், இலை அமிழவில்லை. அடிப்புறத்தில் விசிறிபோல் ஓடிய நரம்புகளும் அவற்றை இணைத்த குறுக்கு நரம்புகளுமே அதைத் தாங்கின. அந்த நரம்பமைப்பை மனத்திற்கொண்டு 1851-இல் லண்டன் மாநகரில் இரும்பாலும் கண்ணாடியாலும் பளிங்கு மாளிகையை எழுப்பினார். அதனை மாதிரியாகக் கொண்டதே 1889-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற பெங்களூர் லால்பாக் கண்ணாடி வீடு. இலையைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் பூச்சி தேடும் குடியானவனுக்கும் உண்டு. பாக்ஸ்டன் அதில் வேறொன்றையும் கண்டார்.

இத்தகைய கண்ணாடி வீடுகள் வேடிக்கைக்கு மட்டும் உதவினவென்று எண்ணலாகாது. பிரேசில் நாட்டிலிருந்து 1876-இல் கொண்டுவரப்பட்ட ரப்பர் விதைகள் முளைத்தது லண்டனையடுத்த கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டில்தான். அங்கிருந்து 22 நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூரின் பழைய தாவரத் தோட்டத்திற்கு வந்தன. 1888-இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு, தோட்டமுதலாளிகளிடம் ஓயாமல் எடுத்துரைத்தார். அதன்பின் மலேயா முழுதும் ரப்பர் பரவியதும், நம் தமிழ்க் கூலி மக்கள் லட்சக்கணக்கில் கப்பலேறியதும் யாவரும் அறிந்ததே. நம் அயல் ஜில்லாவாகிய கன்னியாகுமரியிலும் இன்று ரப்பர் நிற்கின்றது. ஒரு தாவரத் தோட்டம் நாட்டுக்கு நாற்றுக் கொடுக்கிறதா, அல்லது காட்சி மட்டும் கொடுக்கிறதா என்று கேட்பது ஆகவே நியாயமான கேள்வி.

குளிர்நாட்டார் கண்ணாடி வீடு கட்டியது வெப்பத்தைச் சிறைப்படுத்துவதற்காக. உஷ்ண பூமியில் அதுவே பகையாகிறது; உள்ளே புகுந்த வெப்பத்தை வெளியேற்றப் பாடுபட வேண்டும். சிங்கப்பூரார் இதற்குச் செய்துள்ள உபாயங்கள் மெச்சத்தக்கவை. ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விட்டு, வெப்பத்தில் பெரும்பகுதியைத் தடுக்கும் பூச்சுடைய கண்ணாடி. வெயில் மிகும்போது தானே விரியும் நிழல் துணிகள். தளத்தினடியில் குளிர்நீர்க் குழாய்கள். கூடம் முழுவதையும் குளிர்விக்காமல் மனிதனும் செடியும் நிற்கும் உயரத்தை மட்டும் குளிரச்செய்து, மேலெழும் வெப்பக்காற்றை உச்சியில் விட்டுவிடுகின்றனர். இவையனைத்தினும் என் மனத்தைக் கவர்ந்தது வேறு. நகரத்துப் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் கழிக்கும் கிளைகளையும் தழைகளையும் எரித்து, அந்த வெப்பத்தைக் கொண்டே குளிர்ச்சிக்கு வேண்டிய சக்தியில் ஒரு பகுதியைப் பெறுகின்றனர், சாம்பலை எருவாக்குகின்றனர். தோட்டத்தில் நிற்கும் இரும்புப் பெருமரங்களில் ஒன்று அந்த உலையின் புகைபோக்கியாம். வாழைத்தாரை வெட்டியபின் தண்டையும் சருகையும் வரப்பிலே போட்டுத் தீயிட்டுக் கண் எரிய நிற்கும் நமக்கு இது உறைக்க வேண்டிய செய்தி.

ஆயினும், மொத்தத் தோட்டத்திற்கும் அவர்கள் செலவிட்டது சிங்கப்பூர் நாணயத்தில் 100 கோடி வெள்ளிக்கு மேல். அவர்கள் செய்ததைக் குற்றமென்று கூறேன். அந்நாட்டின் மிக உயர்ந்த குன்றே 164 மீட்டர்தான். மேகம் தங்கும் மலையைக் காணவேண்டின் கட்டித்தான் தீரவேண்டும். நமக்கோ நாங்குநேரிச் சாலையில் நின்று மேற்கே நோக்கினால் 1,600 மீட்டருக்கு மேற்பட்ட மகேந்திரகிரி தென்படுகின்றது. மேகம் தானாகவே வந்து தங்குகின்றது, கட்டணமில்லை. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்று குலைதள்ளிய வாழையைச் சாய்த்துவிடுவதை அறிந்தவர் எவரும், இப்பக்கத்தில் கண்ணாடி மாளிகை எழுப்பத் துணியார்.

அப்படியானால் நமக்குக் கூரைத் தோட்டமே வேண்டாமா? வேண்டும். அது நம்மிடம் முன்னரே இருக்கின்றது. நாம் அதற்கு அந்தப் பெயரிடவில்லை, அவ்வளவே. வெற்றிலைக் கொடிக்காலைக் கூறுகிறேன். மேட்டுப்பாத்தி போட்டு, நடுவே வாய்க்கால் இழுத்து, அகத்தி விதையை வரிசையாக ஊன்றுகிறோம். அது ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்ததும் அடியில் வெற்றிலைக் கொடி நட்டு, வாழைநாரால் கட்டி ஏற்றுகிறோம். சுற்றிலும் வாழை நின்று காற்றைத் தடுக்கின்றது. வெயில் மிகும் மாதத்தில் அகத்தியைத் தழையவிட்டும், மழை மாதத்தில் கழித்தும் நிழலைக் கூட்டிக் குறைக்கிறோம். சிங்கப்பூரில் யந்திரம் இழுக்கும் நிழல் துணியின் வேலையை இங்கே ஓர் அரிவாள் செய்கின்றது! கழித்த தழை மாட்டுக்கு ஆகிறது. பயறு வகைச் செடியாதலால் மண்ணுக்குத் தழைச்சத்தும் தருகிறது. சித்திரை மத்தியானத்தில் வரப்பிலிருந்து கொடிக்காலுக்குள் ஓர் அடி எடுத்து வைத்துப் பாருங்கள். என் பாட்டனார் செருப்பைக் கழற்றாமல் எவரையும் உள்ளே விடமாட்டார். பக்தியோ, நோய் புகாமல் காக்கும் தந்திரமோ அறியேன். இரண்டுக்கும் அது பயன்பட்டது.

இதில் குறையில்லையென்று சொல்ல வரவில்லை. நீர் தேங்கினால் வாடல் நோய் வந்து பத்தே நாளில் கொடிக்காலை அழித்துவிடும். கொடி கட்டவும் இறக்கவும் தெரிந்த கைகள் அருகிவிட்டன. தாமிரபரணிக் கரை ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்லதே. எனினும் குறியீட்டுப் பத்திரம் கொடி கட்டாது. அப்பா கட்டிய முடிச்சை மகன் அறியாவிடில் அத்துடன் அந்தக் கலை போயிற்று. என் மகனுக்கும் அது தெரியாது என்பதை அந்தக் கண்ணாடி மலையின் உச்சியில் நிற்கும்போதுதான் உணர்ந்தேன். “இது எப்படி அப்பா, மண்ணில்லாமல் செடி நிற்கிறது?” என்று அவன் என்னைக் கேட்டான். களக்காட்டுச் சோலைக்குள் மரக்கிளையில் தொற்றிப் பூக்கும் ஆர்க்கிடை அவனுக்கு நான் ஒருநாளும் காட்டியதில்லை.

களக்காட்டு மலை 1976-இல் சிங்கவால் குரங்கின் பொருட்டுச் சரணாலயமாக்கப்பட்டது. 1988-இல் முண்டந்துறையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. இது குரங்குக்கும் புலிக்கும் உரிய காரியமென்று நம்மவர் பலர் கருதுகின்றனர். பச்சையாறும் நம்பியாறும் அம்மலையில்தான் பிறக்கின்றன. சோலையின் பாசியும் மக்கும் பஞ்சுபோல் மழையை உறிஞ்சி, மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. மேகக்காட்டில் பம்பு வைத்து நீரை மேலேற்றுகின்றனரே, அந்த வேலைதான் இது. மணிமுத்தாற்றுக் கால்வாயின் நீர் எட்டாத ஆண்டில் நம் குளங்கள் எதைப் பார்த்துக் காத்திருக்கின்றனவென்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே நண்பர்களுக்கு என் அபிப்பிராயம் இது. நம் ஜில்லாவிலும் ஒரு கூரைத் தோட்டம் அமையட்டும், கண்ணாடியில் வேண்டாம். நாங்குநேரிக்கு அருகே நீர் வசதியுள்ள பொதுநிலத்தில் இரண்டு ஏக்கரா போதும். அகத்தியும் வாழையும் கூரையும் சுவருமாகக் கொடிக்கால் ஒன்று. அதன் நிழலில் மிளகு, இஞ்சி, பூச்செடி நாற்றங்கால். ஒரு மூலையில் வனத்துறையின் அனுமதி பெற்று நம் மலையின் பெரணிகளும் ஆர்க்கிடுகளும். பள்ளிப் பிள்ளைகள் வரட்டும். கொடி கட்டத் தெரிந்த முதியவர் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, அவர்களுக்கு முடிச்சைக் கற்பிக்கச் செய்யட்டும். குடியானவர்க்கு நாற்று விற்கட்டும். இலாகா மனம் வைத்தால் அகத்தி விதைக்குச் செலவு அதிகமாகாது. என் தோட்டத்திலிருந்தே இரண்டு படி தரச் சித்தமாயிருக்கிறேன்.