தொலைக்காட்சிக்கு எட்டுத் திருகாணி, பிள்ளைக்கு?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்கள் குடும்பத்தோடு வெளியூர் புறப்படுவது வழக்கம். மகிழுந்தில் போவோரும், வேனை வாடகைக்கு எடுப்போரும் உண்டு. அண்மைய ஆண்டுகளில் இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி, அதையே ஓடும் வீடாக மாற்றிக்கொள்கிறார்கள். வீடு என்று ஆகிவிட்டால் தொலைக்காட்சி இல்லாமல் இருக்குமா? அதையும் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அந்த மாட்டலைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். ‘இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?’ என்று நினைக்க வேண்டாம். ஒரு குழந்தையின் தலை அதில் அடங்கியிருக்கிறது.

என் மைத்துனர் அப்படியொரு வேனை வைத்திருக்கிறார். ஓட்டுநருக்குப் பின்னால், முன்னோக்கிய மூன்று இருக்கைகளை மட்டும் விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இடப்பக்கச் சுவரை ஒட்டி நீண்ட மெத்தை இருக்கை அமைத்தார். எதிர்ச் சுவரில் 32 அங்குலத் தொலைக்காட்சி. மாட்டும் நாளில் நானும் உதவிக்குச் சென்றேன். “மச்சான், கொஞ்சம் நேரா இருக்கான்னு பாருங்க” என்றார். நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அது என் முதல் தவறு.

அந்த விடுமுறையில் இரு குடும்பமும் ஒரே வேனில் கேமரன் மலைக்குப் புறப்பட்டோம். நானும் மைத்துனரும் முன்னால். பெண்கள் இருவரும் நடு இருக்கையில். பிள்ளைகள் மூவரும் மெத்தையில் சாய்ந்தபடி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை. தாப்பாவில் இறங்கி மலைச்சாலையில் ஏறிய பிறகு வளைவுக்கு மேல் வளைவு. ஒரு திருப்பத்தில் லாரி ஒன்று எதிரே வர, மைத்துனர் பிரேக்கை அழுத்தினார். பின்னால் மடாரென்று ஓர் ஓசை. தொலைக்காட்சி, தன்னைத் தாங்கிய இரும்புச் சட்டத்தோடு சேர்ந்து பிய்ந்து, மெத்தையின் மேல் கிடந்தது. நான்கு வயதுச் சின்னவள் சற்று முன்னர்தான் பிஸ்கட் கேட்டுத் தன் தாயிடம் எழுந்து போயிருந்தாள். தொலைக்காட்சி விழுந்து கிடந்தது அவள் அமர்ந்திருந்த இடம்.

யாருக்கும் அடியில்லை. ஆனால், தானா ராத்தா போய்ச் சேரும்வரை வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

ஏன் விழுந்தது?

காரணம் எளிது. இவ்வகை வண்டிகளின் உட்சுவர் நம் வீட்டுச் செங்கல் சுவர் அன்று. சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒட்டுப்பலகைதான். அதற்குப் பின்னால் பெரும்பாலும் வெற்றிடம் இருக்கும். பலகையில் முடுக்கிய திருகாணி, நின்றிருக்கும் வண்டியில் தாங்கும். வண்டி ஓடும்போது ஒவ்வொரு குலுக்கலும் அந்தத் துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கும். மேலும், திரையை முன்னால் இழுத்துப் பார்க்கும் நீண்ட கை கொண்ட தாங்கியாக இருந்தால் பளு இன்னும் கூடும். நீண்ட கழியின் நுனியில் தொங்கும் வாளி, அருகில் தொங்கும் வாளியைவிடக் கையை அதிகம் இழுக்கும் அல்லவா? அதே கணக்குத்தான்.

ஊர் திரும்பியதும் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் பலகையை விரலால் தட்டித் தட்டி ஓசையைக் கேட்டார். பின்னால் வண்டியின் எலும்பான இரும்புச் சட்டம் ஓடும் இடங்களைக் குறித்தார். சட்டத்தோடு இணையும்படி ஓர் இரும்புத் தகட்டை வைத்து, அதன்மீது நான்கு போல்ட்டுகளால் தாங்கியை இறுக்கினார். குலுங்கினாலும் கழலாத பூட்டு நட்டுகளையே பயன்படுத்தினார். தொலைக்காட்சியின் பின்புறத்தில் இருக்கும் நான்கு துளைகளிலும் திருகாணிகளை முடுக்கித் தாங்கியோடு பிணைத்தார். நீண்ட கை கூடாது. வண்டி ஓடும்போது அசையாதபடி பூட்டு உள்ள குட்டையான தாங்கிதான் வேண்டும் என்றார். மேலும் கீழுமாக எட்டு இடத்தில் இறுக்கியாயிற்று. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எனக்குப் பெரிய மனநிறைவு.

அப்போது கையைத் துடைத்தவாறு அவர் கேட்டார்: “சார், இந்தப் பெட்டி அஞ்சு கிலோ. பிள்ளைங்க எத்தன கிலோ?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் அந்த மெத்தை இருக்கையைச் சுட்டிக்காட்டினார். அதில் ஓர் இருக்கை வார்கூட இல்லை.

வகுப்பறைக் கணக்கு

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கணக்கை ஒரு பட்டறைக்காரர் எனக்குப் போட்டுக்காட்ட வேண்டியிருந்தது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காவது மாடிக்கும் மேலிருந்து, விழும் பொருள் தரையைத் தொடும்போது அடைகின்ற வேகம் அது. அந்த வேகத்தில் ஓடும் வண்டி எதன்மீதோ மோதி வினாடியின் பத்தில் ஒரு பங்கில் நின்றுபோனால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல் ஏறத்தாழ 17 மடங்கு விசையோடு இழுபடும். 5 கிலோ தொலைக்காட்சி 85 கிலோ பளுவாகும். 16 கிலோ எடையுள்ள குழந்தை 270 கிலோவாகும்.

‘நான் மடியில் இறுகப் பிடித்துக்கொள்வேன்’ என்று சொல்லும் தாய்மார்கள் பலரைக் கண்டிருக்கிறேன். 270 கிலோவைப் பிடித்து நிறுத்தும் கை இவ்வுலகில் எந்தத் தாய்க்கு உண்டு? அன்பு குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. அன்புக்கு அந்த விசை கட்டுப்படாது.

ஐந்து கிலோ பெட்டிக்கு எட்டுத் திருகாணி போட்ட நாம், பதினாறு கிலோ குழந்தைக்கு ஒரு வார்கூடப் போடவில்லை. இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன?

மாட்டும் இடமே அமரும் இடம்

‘வார் போடாதது வேறு பிழை, தொலைக்காட்சிக்கு இதில் என்ன பங்கு?’ என்று சிலர் கேட்கலாம். பங்கு உண்டு என்பதே என் கருத்து.

எங்கள் வேனில் வாருடன் கூடிய மூன்று இருக்கைகள் இருக்கவே செய்தன. ஆனால், அங்கிருந்து பார்த்தால் திரை தெரியாது. அது மெத்தையை நோக்கியல்லவா மாட்டப்பட்டிருந்தது? பிள்ளைகள் எங்கே அமர்வார்கள்? திரை எங்கே தெரிகிறதோ அங்கேதான். ஆக, சுவரில் எந்த இடத்தில் துளை போடுகிறோமோ, அந்த நொடியிலேயே நம் பிள்ளை வண்டியில் எங்கே அமரப் போகிறது என்பதையும் நாமே முடிவு செய்துவிடுகிறோம். சுவரைப் பார்த்து மாட்டுகிறோம். இருக்கையைப் பார்த்து மாட்டுவதில்லை.

இந்த ஓடும் வீட்டுப் பழக்கம் வெள்ளைக்காரர் நாடுகளிலிருந்து வந்தது. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில், வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் கேரவனுக்குள் ஆட்கள் பயணம் செய்யக் கூடாது. அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் இதே தடை இருக்கிறது. எனவே, அந்தக் கேரவனுக்குள் இருக்கும் தொலைக்காட்சி, முகாமில் வண்டியை நிறுத்திவிட்டு மாலையில் பார்ப்பதற்கானது. ஓடும்போது அதன் முன்னால் யாரும் இல்லை. நாமோ நிறுத்திப் பார்க்க வேண்டியதை ஓட்டிக்கொண்டே பார்க்கிறோம். பொருளை வாங்கிக்கொண்டோம், அதைப் பயன்படுத்தும் ஒழுங்கை விட்டுவிட்டோம்.

நான் தொலைக்காட்சிக்கு எதிரி அல்லன். பெருநாள் நெரிசலில் நான்கு மணி நேரப் பயணம் எட்டு மணி நேரமாக நீளும்போது, பின்னால் மூன்று பிள்ளைகள் சண்டை போட்டால் ஓட்டுநரின் கவனம் சிதறும். அதுவும் ஆபத்துதான். பிள்ளைகள் அமைதியாக இருக்கத் திரை உதவுகிறது என்று பெற்றோர் சொல்வதை நான் மறுக்கவில்லை. வார் அணிந்து, முன்னோக்கி அமர்ந்த நிலையில் திரை தெரிந்தால், அதுவும் ஓட்டுநரின் கண்ணில் படாமல் இருந்தால், தாராளமாகப் பார்க்கட்டும். அப்படித் தெரியும்படி மாட்ட முடியாதென்றால், அது வண்டி நின்ற பிறகு பார்க்கும் தொலைக்காட்சி. அவ்வளவுதான்.

சட்டம் இருக்கிறது, மனம் வேண்டும்

நம் நாட்டில் பின்னிருக்கையில் வார் அணிவது 2009 ஜனவரி முதல் கட்டாயம். தனியார் வாகனங்களில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம். 2025 ஜூன் 9ஆம் நாள் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டனர். கல்வியியல் படிக்க வந்த பிள்ளைகள். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்தவன் என்பதால், அந்தச் செய்தி என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலிருந்து, 2020ஆம் ஆண்டு தொடக்கத்திற்குப் பின் தயாரான விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் வார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது.

சட்டத்திற்குக் குறைவில்லை. ஆனால், நம் சொந்த வேனுக்குள் திரையை நோக்கிக் காலை நீட்டிப் படுத்திருக்கும் பிள்ளையை எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? அதை நாம்தான் பார்க்க வேண்டும். ‘வார் மாட்ட இடமில்லை, செலவாகும்’ என்ற காரணமும் எடுபடாது. ஒரு தொலைக்காட்சிக்குக் கொடுக்கும் பணத்தில் குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கை ஒன்றை வாங்கிவிடலாம்.

என் மைத்துனர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். தொலைக்காட்சி அதே இடத்தில், அதே எட்டுப் பிடிப்பில் இருக்கிறது. ஆனால், அதற்கு மின்சாரம் போகும் சுவிட்சை ஓட்டுநர் பக்கம் வைத்துவிட்டார். வண்டி நின்றால்தான் அதைப் போடுவார். பிள்ளைகள் மூவரும் நடு இருக்கையில், வார் அணிந்து. சின்னவள் தனக்கென வாங்கிய பாதுகாப்பு இருக்கையில். நானும் என் மனைவியும் எங்கள் மகிழுந்தில் பின்தொடர்கிறோம்; வேனில் வார் உள்ள இருக்கை அதற்கு மேல் இல்லையே! அண்மையில் சென்ற பயணத்தில் தஞ்சோங் மாலிம் வரை அழுகை, பீடோர் வரை முணுமுணுப்பு, அதன்பின் உறக்கம் என்று மைத்துனர் சிரித்தார். மலையில் ஏறி வண்டியை நிறுத்தியதும் எல்லாருமாக அமர்ந்து ஒரு படம் பார்த்தோம். வெளியே குளிர், கையில் சூடான தேநீர். ஒரு குறையும் இல்லை.

அடுத்த விடுமுறைக்குப் புறப்படும் முன், உங்கள் வண்டியில் எதை எதை இறுகக் கட்டியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெட்டியைக் கட்டியிருப்பீர்கள். அடுப்பைக் கட்டியிருப்பீர்கள். தொலைக்காட்சியைக் கட்டியிருப்பீர்கள்.

பிள்ளையைக் கட்டியிருக்கிறீர்களா?

அன்புடன் சிந்திப்போம்.