டயரை அளக்கிறார்கள், டை ராடை யார் பார்ப்பது?

வெள்ளறடைக்கு மேலே, குருசுமலைச் சரிவில் எனக்குக் கொஞ்சம் ரப்பர் நிலம் இருக்கிறது. வீடு குன்னத்துக்காலில். ஷீட்டும் ஒட்டுபாலும் இறக்கிக்கொண்டு வர ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை. செம்மண் தடம், இடையிடையே பாறை. இடவப்பாதி மழை தொடங்கினால் சக்கரம் ஓடும் இரண்டு சாலும் ஆழமாகி, நடுத்திட்டு மேலே நிற்கும். அந்தத் திட்டில் டிஃபரன்ஷியல் உரசுகிற சத்தத்தை ஒரு தடவை கேட்டால் போதும், பெரிய டயர் போட வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். பாறசாலை தொடங்கி காரக்கோணம், பனச்சமூடு வரை கேரள-தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களில் இன்று அந்த ஆசை இல்லாத ஜீப்காரர் குறைவு. நம்பர் பலகையில் கே.எல். 19, கே.எல். 20, டி.என். 75 என்று எது எழுதியிருந்தாலும் ஆசை ஒன்றுதான்.

அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. டயரை மட்டும் மாற்றிவிட்டு, அதைத் திருப்புகிற உறுப்புகளை ஏறெடுத்தும் பார்க்காமல் மலையிறங்குகிறார்களே, அதைத்தான் குறை சொல்கிறேன். அதைப் பார்க்க வேண்டிய அரசும் பார்ப்பதில்லை.

முதலில் கணக்கு. பழைய மகிந்திரா ஜீப்புகள் பலவற்றில் 6.00-16 டயர். உயரம் சுமார் 29 அங்குலம். அந்த இடத்தில் சிறிய சரக்கு லாரிக்குரிய 7.50-16 போட்டால் சுமார் 32 அங்குலம். மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆக்சிலுக்கு அடியில் கிடைப்பது அதில் பாதி, ஒன்றரை அங்குலம் மட்டுமே. அதற்குப் பதிலாகக் கொடுப்பது நிறைய. ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-இல் ஓடும். சக்கரத்தின் எடை கூடும், பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். முழுக்க ஒடித்தால் டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசும். உரசாமலிருக்க ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவார்கள். அப்படித் தள்ளிய பிறகு, தடத்தில் ஒரு கல் இடித்தாலும் அந்த அடி, சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராட் வழியாக நேரே கைக்கு வரும். கைக்கு வரும் முன்பே அந்த அடியை வாங்குவது டை ராட் எண்டுக்குள் இருக்கும், கோலிக்குண்டு அளவேயான ஓர் இரும்புப் பந்து.

எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளை தாண்டி ஒரு பட்டறை. ஆசான் இந்த மூட்டுகளை எப்படிப் பார்க்கிறார் என்று நின்று கவனித்திருக்கிறேன். முன் ஆக்சிலை ஜாக்கி வைத்துத் தூக்குவார். சக்கரத்தின் இடத்திலும் வலத்திலும் கை வைத்து ஆட்டுவார். ஆட்டம் இருந்தால் அநேகமாக டை ராட் எண்டில். பிறகு மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். அதில் ஆட்டம் தெரிந்தால், "பிரேக்கை மிதி மக்களே" என்று பையனிடம் சொல்வார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். கடைசியாகச் சக்கரத்தைத் தரையில் இறக்கி, பையனை ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் சிறிது சிறிதாகத் திருப்பச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்திருப்பார். கண்ணுக்குப் படாத தளர்வு விரலுக்குத் தெரியும். பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஒரு கருவியும் தேவையில்லை, ஜாக்கி ஒன்றைத் தவிர.

போன மழைக்கு முன்பு எனக்குப் பக்கத்துத் தோட்டக்காரரின் ஜீப்பை ஒரு வாகனச் சோதனையில் நிறுத்தி, டயரை அளந்து அபராதம் போட்டார்கள். போட்டது தவறில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் யாரும் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பட்டறையில் தூக்கியபோது இடதுபக்க டை ராட் எண்டின் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதில் செம்மண் சேறு. நட்டைப் பூட்டும் பின் இருக்க வேண்டிய துளையில் ஒரு துண்டு கட்டுக்கம்பி. பழைய டயரை மாட்டிக்கொண்டு போயிருந்தால் அந்தச் சோதனைக்காரர்களின் கணக்கில் வண்டி சரியாகியிருக்கும், கட்டுக்கம்பியோடு.

இத்தனைக்கும் இதற்கும் விதி இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி. ஸ்டியரிங் சக்கரத்தில் 30 டிகிரிக்கு மேல் வீண் ஆட்டம் இருக்கக் கூடாது, பந்து மூட்டுகள் எல்லாவற்றுக்கும் ரப்பர் உறை வேண்டும், போல்ட்டோ பின்னோ இருக்கும் இடத்தில் அது கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. மத்திய விதி. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறி விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆனபின், எத்தனையோ காரியங்களில் எங்களுக்கு இரண்டு சட்டம், இரண்டு அலுவலகம். இதில் மட்டும் இரு கரைக்கும் ஒரே எழுத்து. அமரவிளையில் நின்றாலும் மார்த்தாண்டத்தில் நின்றாலும் அதிகாரி அதே விதியைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

டயர் அளவு வெளியே நின்று பார்த்தாலே தெரியும். மூட்டைப் பார்க்கக் குனிய வேண்டும். இதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டிக்கு முதல் 15 ஆண்டு தகுதிச் சோதனையே கிடையாது. எங்கள் தோட்டங்களில் ஓடும் ஜீப்புகள் பெரும்பாலும் அப்படிப் பதிவானவைதான். டவுனில் ஓடும் காருக்கும், நாள்தோறும் பாறையில் ஏறி இறங்கும் ஜீப்புக்கும் ஒரே 15 ஆண்டு. இது நியாயமில்லை.

ஜீப்பையாவது வழியில் நிறுத்திக் கேட்க ஒருவர் இருக்கிறார். சுற்றுலா விடுதிகளும் தோட்டக்காரர்களும் வாங்கி ஓட்டும், கரடுமுரடான தடத்துக்கான ஏ.டி.வி. வண்டிகளின் நிலைமை இன்னும் மோசம். மதில் சூழ்ந்த வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி அமைந்த தனிவகை வண்டி, சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே இல்லை. அதனால் பதிவு இல்லை, பலகை இல்லை, சோதனையும் இல்லை. பெரிய ஏ.டி.வி.க்களில் பெரும்பாலும் 25 அங்குல டயர் வரும். அதைக் கழற்றி 27 போடுவது இப்போது நாகரிகம். டை ராட் விரல் தடிமன்தான் இருக்கும், பந்து மூட்டோ ஜீப்பில் உள்ளதைவிடச் சிறியது. சேற்றில் சிக்கிய பெரிய சக்கரத்தை நின்ற இடத்திலேயே வலிந்து ஒடித்தால் ராட் வளையும், அல்லது மூட்டு தளரும். காற்றும் ஐந்து முதல் ஏழு பவுண்டு வரைதான் வைக்க வேண்டும். சாலையோர பஞ்சர் கடை மீட்டரில் அவ்வளவு குறைவாகச் சரியாக அளக்க முடியாது. அதனால் பதினைந்து, இருபது என்று அடித்துவிடுகிறார்கள். கல்போல இறுகிய டயர், ஒவ்வொரு குண்டிலும் குழியிலும் அந்தச் சின்ன மூட்டைத்தான் அடிக்கிறது. அதன்மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சுற்றி வருகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றுகிற எவரும், ராட்டினம் நடத்துகிறவர்போல உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும், மூட்டுகளைச் சோதித்த சான்றையும் காட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை.

ஜீப்புக்கு நான் கேட்பது இரண்டு. வழிச்சோதனையில் டயரை அளக்கிற அதிகாரி, அதே நேரத்தில் ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்து, குனிந்து பூட்டையும் பின்னையும் பார்க்கட்டும். டயருக்கு அபராதம் எழுதும் தாளிலேயே 98-ஆவது விதிக்கும் ஒரு வரி இருக்கட்டும். அடுத்தது, மழைக்கு முன்பு, மே மாதத்தில், வெள்ளறடையிலும் குன்னத்துக்காலிலும் பாறசாலையிலும் ஒவ்வொரு நாள் இலவசச் சோதனை முகாம். தனுவச்சபுரத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அதன் மாணவர்களையும் நம் பட்டறை ஆசான்மாரையும் ஊராட்சிகள் ஒன்றாக அழைத்தால் போதும். அபராதம் இல்லை என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வண்டியும் வராது. இரண்டு ஜாக்கி, கிரீஸ் துப்பாக்கி, டார்ச், ஒரு பெட்டி பின். பின் ஒன்று சில ரூபாய்தான். கிழிந்த பூட்டை அங்கேயே மாற்றிவிடலாம். மூட்டே போயிருந்தால் எழுதிக் கையில் கொடுத்து, புதியது போடும்வரை மலையேற வேண்டாம் என்று உரிமையாளரிடம் நேரில் சொல்லி அனுப்பலாம்.