கூட்டாளி பையிலேயே கைவைக்கும் திருடன்... ஆட்டம் கலையாமல் இருக்க என்ன வழி?

ஐந்து நண்பர்கள், ஒரு மேஜை, கொஞ்சம் பகடைகள். கதைப்படி அவர்கள் இருப்பது டிராகன் குகைக்குள். முன்னால் நின்று வாள் வீசிய வீரன் அடிபட்டு விழுகிறான். அவனைக் காப்பாற்ற, குழுவின் பூசாரி தன் பையைத் திறக்கிறாள். 50 தங்க நாணயம் கொடுத்து வாங்கிய மருந்துக் குப்பியைக் காணோம். எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரிக்கிறார். "அதை நேத்து ராத்திரியே எடுத்துட்டேனே... என்ன பண்றது, என் கேரக்டர் அப்படி!"

மேஜையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடும் பலருக்கும் பழக்கமான காட்சி இது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அந்தச் சிறுவர்கள் ஆடுவார்களே, அதே விளையாட்டுதான். ஒருவர் கதையை நடத்துவார். அவர் 'டன்ஜன் மாஸ்டர்'. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். எடுத்த முயற்சி பலிக்குமா என்பதைப் பெரும்பாலும் 20 முகப் பகடை சொல்லும்.

திருடன் வந்த கதை

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த ஆட்டத்தில், முதலில் வீரன், மந்திரவாதி, பூசாரி என மூன்று வகைதான். 1975-ல் வந்த 'கிரேஹாக்' இணைப்புப் புத்தகத்தில்தான் திருடன் சேர்ந்தான். பூட்டைத் திறப்பது, பொறிகளை முடக்குவது, சத்தமில்லாமல் நடப்பது எல்லாம் அவன் பொறுப்பு. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் 'தீஃப்' என்ற பெயரே 'ரோக்' என மாறியது.

கை சும்மா இருக்காத திருடனுக்குப் புகழ் சேர்த்தது 'டிராகன்லான்ஸ்' நாவல்கள். மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் எழுதிய முதல் நாவல் 1984-ல் வந்தது. அதில் வரும் டாஸல்ஹாஃப், 'கெண்டர்' என்ற குட்டி இனத்தவன். பயம் தெரியாது, எதைப் பார்த்தாலும் ஆர்வம். அடுத்தவர் பொருள் அவன் பைக்குள் வந்துவிடும். அது திருட்டு என்ற நினைப்பே அவனுக்கு இருக்காது.

படிக்கும்போது அவன் செல்லப்பிள்ளை. ஆனால், நாவலில் எது காணாமல் போக வேண்டும் என்று முடிவு செய்வது எழுத்தாளர். மேஜையில் காணாமல் போவதோ, சக ஆட்டக்காரர் பல வாரம் ஆடிச் சேர்த்த பொருள்.

கோபம் ஏன் வருகிறது?

திருட்டு நடந்தது பூசாரிக்குத் தெரியாது. பூசாரியாக ஆடுபவருக்குத் தெரியும். அவர் சந்தேகப்பட்டால், "உன் கேரக்டருக்கு அது தெரியாதே" என்பார்கள். பேசாமல் இருந்தால் மனம் கொதிக்கும். இப்போதைய விதிகளின்படி, விழுந்துகிடக்கும் வீரன் தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். மூன்று முறை 10-க்குக் கீழே வந்தால் மரணம். பல மாதம் வளர்த்த கதாபாத்திரம், நண்பரின் ஒரு குறும்பால் போய்விடும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ததுபோலத்தான் அது தோன்றும்.

என்ன செய்யலாம்?

முதலில் பேசுங்கள்: ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோரும் உட்கார்ந்து எல்லைகளைப் பேசிக்கொள்வதை 'செஷன் ஸீரோ' என்கிறார்கள். 'கூட்டாளிகளிடம் திருடக் கூடாது' என்று அன்றே முடிவு செய்துவிட்டால் பாதிப் பிரச்னை தீரும்.

ஆளிடம் சொல்லுங்கள்: பிரச்னை வந்த பிறகு திருடனின் கையை வெட்டுவது, சிறையில் தள்ளுவது என ஆட்டத்துக்குள் பழிவாங்கினால் சண்டை பெரிதாகும். தனியாகக் கூப்பிட்டு, "அவங்களுக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு" என்று சொன்னாலே பலர் புரிந்துகொள்வார்கள். "என் கேரக்டர் அப்படி" என்றால், அந்த கேரக்டரை உருவாக்கியதே அவர்தான் என்பதை நினைவுபடுத்தலாம்.

பறிகொடுப்பவர் முடிவு செய்யட்டும்: சக ஆட்டக்காரரிடம் கைவைத்தால் பகடை வேண்டாம். திருட்டு பலித்ததா, கையும் களவுமாகச் சிக்கினானா என்பதை, பையின் சொந்தக்காரரே சொல்லட்டும். அவர் சம்மதித்தால் அது வேடிக்கை. இல்லையென்றால் அங்கேயே முடிந்தது.

கைக்கு வேலை கொடுங்கள்: வில்லனின் சாவிக்கொத்து, தளபதியின் ரகசியக் கடிதம் என்று எடுக்க வேண்டியவை எதிரியிடம் நிறைய இருக்கட்டும். திருடன் சும்மா இருந்தால்தான் நண்பர்கள் பைமீது கண் போகும்.

விளைவு அளவோடு இருக்கட்டும்: கடைத்தெருவில் திருடினால் வியாபாரி கதவைச் சாத்தலாம், காவலர் விசாரிக்கலாம். ஒருவர் செய்ததற்கு மொத்தக் குழுவையும் தூக்கில் போட வேண்டாம்.

'அடக்க முடியாத திருட்டுப் பழக்கம்' என்று கதாபாத்திரத்துக்கு எழுதும் முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கிளெப்டோமேனியா நிஜமான மனநலப் பிரச்னை. அதனால் பாதிக்கப்பட்டவர்கள் தேவைக்காகவோ பணத்துக்காகவோ எடுப்பதில்லை; உந்துதலை அடக்க முடியாமல் எடுத்துவிட்டு, பிறகு குற்ற உணர்வில் தவிப்பார்கள். அதைக் கேலியாக்க வேண்டாம். பொத்தான், ஸ்பூன், பாதி மெழுகுவத்தி என்று உபயோகமில்லாத பொருள்களைச் சேர்த்துவைக்கும் திருடனாக ஆடினால், யாருக்கும் நஷ்டமில்லை.

அதே குகைக்குத் திரும்புவோம். வீரன் விழுந்துகிடக்கிறான். பூசாரியின் பையில் குப்பி இல்லை. போன சண்டையிலேயே தீர்ந்துவிட்டது. திருடன் தன் பையைக் கவிழ்க்கிறான். பொத்தான், ஸ்பூன், மெழுகுவத்திக்கு நடுவே ஒரு மருந்துக் குப்பி. "வில்லனோட கூடாரத்துல கிடந்துச்சு. சும்மாதான் எடுத்தேன்" என்கிறான்.

இந்த முறை மேஜையே சிரிக்கும்.