புத்தூர் கட்டும் திறந்த புண்ணும்

சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பம் பகுதியில், மாமரத்திலிருந்தோ கரும்பு வண்டியிலிருந்தோ விழுந்து காலை முறித்துக்கொள்ளும் கூலித் தொழிலாளர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புத்தூர் கட்டுதான். பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் சிம்பு. தமிழ்நாட்டிலும் இதை அறியாதவர் குறைவு. மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளிவிடுவது நமது வேலையல்ல. தோல் கிழியாத, இடம் பெயராத எளிய முறிவை அசையாமல் கட்டினால் பெரும்பாலும் கூடிவிடும். எலும்பு தோலைக் கிழித்துவிட்டால் நிலைமை வேறு. அங்கே முதல் எதிரி கிருமி.

அறுவை மருத்துவத்தில் கிருமிநாசினியின் வரலாறே இத்தகைய காலில்தான் தொடங்கியது. 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிய 11 வயதுச் சிறுவனின் கால் புண்ணில், கார்பாலிக் அமிலம் நனைத்த துணியை வைத்துக் கட்டினார் ஜோசப் லிஸ்டர். வெட்டி எடுக்கப்பட்டிருக்கக்கூடிய கால் ஆறு வாரத்தில் கூடியது.

இன்றைய ஆய்வுகளும் நம் பக்கமே பேசுகின்றன. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 2,500க்கு மேற்பட்ட திறந்த முறிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. சோப்புக் கரைசலில் கழுவியவர்களைவிட வெறும் உப்புநீரில் கழுவியவர்களுக்கு மறு அறுவை குறைவு. உயர் அழுத்தக் கருவியால் கூடுதல் பயனில்லை. மூடிய முறிவுக்கான அறுவையில் தோலைத் துடைக்க ஆல்கஹால் கலந்த அயோடினைப் பயன்படுத்தியபோது தொற்று 2.4 சதம், குளோர்ஹெக்சிடினுக்கு 3.3 சதம் என்றது 2024இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு.

ஆக, தேவைப்படுபவை விலையுயர்ந்தவை அல்ல: விரைவில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, உப்புநீர், சுத்தமான கட்டுத்துணி, வாரக்கணக்கில் கட்டு மாற்ற ஒரு செவிலியர். ஆனால் 2007இல் ஆரோக்கியஸ்ரீ தொடங்கியது முதல் ஆந்திராவில் அரசுப் பணம் பெருமளவில் அறுவைக்கான தொகுப்புக் கட்டணமாகத் தனியார் மருத்துவமனைக்குப் போகிறது. புண்ணோ வீட்டில்தான் ஆற வேண்டும். கட்டு மாற்றப் போனால் துணைக்கு வருபவரின் கூலியும் போகும். போகாவிட்டால் சீழ் எலும்புக்குள் இறங்கும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் அறுவை, சில வேளைகளில் கால் இழப்பு. இதைத் தொழிலாளியின் அலட்சியம் என்பது வர்க்கப் பார்வையற்ற பேச்சு.

மண்டலக் குழுத் தோழர்கள் தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று பார்க்கட்டும்: இரவில் செவிலியர் இருக்கிறாரா, உப்புநீரும் போவிடோன் அயோடினும் கட்டுத்துணியும் இருப்பில் உள்ளனவா, கட்டு மாற்ற வீடு தேடி வருகிறார்களா? தோல் கிழிந்த முறிவைத் தொடாமல் உடனே 108 வண்டியில் ஏற்றிவிடும்படி கட்டு வைத்தியர்களிடமும் பேச வேண்டும்; அவர்கள் நம் மக்களே.