உருப்போட்ட நெறியும் உண்மைக் கரணியமும்

உடையவனிடமே உடைமை மேலும் சேரும் என்னும் உலகியற் கொடுமையை வேதியியலுக்கும் ஏற்றி உருப்போடும் வழக்கம் வகுப்பறைகளில் நெடுநாளாக உண்டு. இரட்டைப் பிணைப்புடைய அல்கீனொடு நீரகப் புரோமைடு கூடுங்கால், நீரகம் மிகுதியாக உள்ள கரியணுவையே புதிய நீரகமும் சென்றடையும் என்பது, உருசிய நாட்டுக் கசான் நகரத்து அறிஞர் மார்க்கோவ்னிக்கோவ் 1870-இல் வெளியிட்ட நெறி. நெறி பெரும்பாலும் பொருந்துவதே. ஆயின் அதற்குரிய கரணியம் யாது? அதனைக் கேளாத கல்வியும் ஒரு கல்வியோ?

புரோப்பீனை எடுத்துக்கொள்க. அதன் இரட்டைப் பிணைப்பில் நெகிழ்ந்து நிற்கும் எதிர்மின்னி இணை நீரகத்தைப் பற்றுகின்றது. நீரகம் ஓரத்துக் கரியணுவிற் சேரின், நேர்மின்மை நடுக் கரியணுவில் தங்கும். நடுவிற் சேரின் ஓரத்தில் தங்கும். நடுவணுவிற்கு இருமருங்கும் கரியணுத் துணை உண்டு. அவை தம் எதிர்மின்னிச் செறிவைச் சிறிது ஈந்து அந் நேர்மின்மையைத் தாங்குகின்றன. ஓரத்ததற்கோ ஒரு துணையே. ஆகலின் முன்னையதே நிலைப்புடையது.

அற்றேல், பின்னர் விளையும் ஒன்றன் நிலைப்பு, வினையின் விரைவை யாங்ஙனம் ஆளும்? பழைய பிணைப்பு பாதி அறுந்தும் புதியது பாதி முகிழ்த்தும், எக்குப்பியிலும் அடைத்து வைக்கவியலாது, நொடியின் கோடியிலொரு கூற்றினும் குறைவாகவே நிற்கும் இடைமாறு நிலை ஒன்று உண்டு. ஏறும் வழிக்கு உச்சியாகவும் மலைத்தொடருக்குத் தாழ்வாகவும் உள்ள இடத்தைத் தமிழர் கணவாய் என்றனர். இந்நிலைக்கு அதனினும் சிறந்த ஒப்புமை வேண்டுவதில்லை. ஆற்றலைப் பெரிதும் வேண்டும் படியில், கணவாய் தனக்கு அப்பாலுள்ள இடைப்பொருளையே ஒத்திருக்கும் என அமெரிக்க அறிஞர் ஆமண்டு 1955-இல் விளக்கினார். எனவே, நிலைப்புடைய இடைப்பொருளுக்குச் செல்லும் கணவாயும் தாழ்ந்ததாகின்றது. மூலக்கூறுகளுட் பெரும்பாலன அவ்வழியே கடக்கின்றன.

இனி, உருப்போட்டார் திகைக்கும் இடம். ஒரே வினையில் ஆய்வாளர் சிலர்க்கு நெறிப்படியும் சிலர்க்கு நெறி மாறியும் விளைபொருள் கிடைத்து வந்தது. காற்றுப்பட்ட அல்கீனில் உண்டாகும் பெராக்சைடுகளே இக் குழப்பத்தின் கரணியம் எனச் சிக்காகோவில் கராசும் மேயோவும் 1933-இல் காட்டினர். பெராக்சைடு இருப்பின், இணையற்ற எதிர்மின்னியுடைய புரோமின் அணுவே முந்தி ஓரத்திற் சேர்கின்றது. நீரகம் பின்னரே நடுவிற்கு வருகின்றது. முந்துவது மாறிற்று, விளைபொருளும் மாறிற்று. நடுவணுவே தாங்குமிடம் என்பது மட்டும் ஈரிடத்தும் மாறவில்லை. அங்ஙனமாயின், உடையவனிடம் சேர்ந்தது யாது?

நீரகக் குளோரைடிலும் நீரக அயோடைடிலும் இப்பிறழ்ச்சி நேர்வதில்லை. முன்னதில் நீரகத்தைப் பறிக்கும் படியும், பின்னதில் அயோடின் அணு பிணைப்பிற் சேரும் படியும் ஆற்றலை வேண்டி நிற்றலால், தொடர்வினை இடையிலேயே அறுந்துபோகின்றது.