கெட்ட நீர் வடியட்டும் என்பார்க்கு

கணுக்காலுக்குச் சற்று மேலே, பெரும்பாலும் உட்புறத்தில், காசளவில் தோன்றிக் கையகலம் பரவி, மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆறாமல் நிற்கும் சிரைப்புண்ணைப் பற்றி நம்மவரிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. காலில் சேர்ந்த கெட்ட நீர் வடிந்து தீரவேண்டும், அதுவரை புண்ணைத் திறந்து காற்றாட விடவேண்டும், புண் ஆறினால் சுற்றியுள்ள தோல் தானே சரியாகிவிடும் என்பது அது. பாட்டிமாரும் படித்தவர்களும் ஒருங்கே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியவனே ஆதலால், இங்கே யாரையேனும் கடிந்துகொண்டால் அதில் எனக்கும் பங்குண்டு.

என் பெரியப்பா முப்பது வருஷம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல்லின் முன் நின்றவர். புண் வந்தபின் மாலைதோறும் திண்ணையில் காலைத் தொங்கவிட்டு, அடியில் பழைய வேட்டித் துண்டை மடித்துப் போட்டு, நீர் சொட்டுவதைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருப்பார். "வடியட்டும்டா, உள்ளே கிடக்கிறதெல்லாம் போகட்டும்" என்பார், நாங்களும் ஆமோதிப்போம். புண்ணின் கீழ் விளிம்பை ஒட்டிய தோல், நெடுநேரம் துணி துவைத்தவளின் விரல்நுனிபோல் வெளுத்துச் சுருங்கி ஊறியிருந்ததும், அதற்குக் கீழே குதிகால்வரை நீர் ஓடிய வழியெல்லாம் செக்கச்சிவந்து உரிந்திருந்ததும் எங்கள் கண்ணில் பட்டன, கருத்தில் படவில்லை. மூன்று மாதத்தில் அந்த வெளுத்த ஓரம் முழுவதும் புண்ணாயிற்று.

வடிந்து தீரும் என்ற நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். ரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே போகவிடும் சிறு வால்வுகள் கால்களின் சிரைகளில் அமைந்திருக்கின்றன. அசையாமல் நிற்கையில் கணுக்காலருகே சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். நடக்கும்போது கெண்டைச்சதை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலேற்றுவதால், ஆரோக்கியமான காலில் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதுற்ற காலிலோ, நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு இறங்குவதில்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதியை நுண்குழாய்களிலிருந்து தோலுக்குள் பிதுக்குவது அந்த அழுத்தமே. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவர் ஊற்றைத் தாமே இறைத்துவிட்டுக்கொண்டு, அது எப்போது வற்றும் என்று காத்திருந்தார் என்பதுதான் உண்மை.

அந்த நீர் வடிந்துபோகும் வழியில் ஒன்றும் செய்யாமலும் போவதில்லை. நாட்பட்ட புண்ணில் ஊறும் நீரில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்திருக்கின்றன; முதலில் தோலை ஊறவைத்து இளக்கி, பிறகு அரிப்பது அதன் சுபாவம். புண்ணை மூடும் புதுத்தோலோ பெரும்பாலும் விளிம்பிலிருந்தே, ஓரத்து உயிரணுக்கள் பெருகி உள்நோக்கி நகர்வதால், உண்டாகவேண்டியிருக்கிறது. ஆகவே சுற்றுத்தோலை அழியவிட்டுப் புண் ஆறுவதற்குக் காத்திருப்பவர் விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டு அறுவடையை எதிர்பார்ப்பவரே.

காற்றாட விடுவது பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேயர் பன்றிகளின் தோலில் ஆழமற்ற காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடி, சிலவற்றைத் திறந்துவிட்டுப் பார்த்ததில், மூடிய காயங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடின. அப்படியானால் ஈரத்தைக் குறைசொல்வானேன் என்று கேட்கலாம், கேள்வி நியாயமானதே. புண்ணின் தளத்துக்கு இளம் ஈரம் வேண்டும், சுற்றுத்தோலுக்கு அது ஆகாது. இரண்டையும் ஒருங்கே சாதிப்பதுதான் கட்டுக் கட்டுபவரின் திறமை. நீரை உறிஞ்சும் கட்டைப் போட்டு, அது நனைந்து வழியுமுன் மாற்றவேண்டும். வெதுவெதுப்பான நீரில் கழுவித் தோலைத் தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, விளிம்பிலிருந்து வெளிப்புறமாக இரண்டு விரற்கடை அகலத்துக்குத் துத்தநாகப் பசையையோ வெண்ணிற வாசலினையோ மெல்லிசாகப் பூசவேண்டும். மறுமுறை அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பவர் பூசியதன் பலனைக் கெடுத்துக்கொள்கிறார். சிறிது எண்ணெய் தொட்டு வைத்தால் தானே இளகி வரும். பிளாஸ்திரியை இந்தத் தோலில் ஒட்டவே கூடாது. பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

சுற்றுத்தோல் சிவந்தால் கிருமிதான், களிம்பைத் தடவு என்பாரும் உண்டு. ரத்தத் தேக்கத்தாலேயே தோல் சிவந்து அரித்துச் செதிலுதிர்வது மிகச் சாதாரணம். அதன்மீது நியோமைசின் களிம்பையும், கம்பளிக் கொழுப்பும் வாசனையும் கலந்த கிரீம்களையும் மாற்றி மாற்றித் தடவியதால் ஒவ்வாமை கிளம்பி, அந்தச் சிவப்புக்கு இன்னொரு களிம்பு தேடியவர்கள் அநேகர். தடவு மருந்துகளின் ஒவ்வாமை கால்புண் உடையவர்களிடம் வழக்கத்தை மீறி மிகுந்திருப்பது தோல் வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். ஆனால் ஒரே கால் திடீரெனச் சூடேறி வலித்து, சிவப்பு மேலேறி, காய்ச்சலும் கண்டால் அது கிருமியே; அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். சவர்க்காரமும் டெட்டாலும் போட்டுத் தேய்ப்பதை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடலாம்: அமிலத்தன்மை உள்ள தோலுக்குக் காரமான சோப்பு பகை.

கட்டை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்ற அச்சத்தை மட்டும் நான் முற்றும் மறுக்கமாட்டேன். தமனி அடைப்புள்ள காலில் இறுக்கக்கட்டு ஆபத்தானதே. அதனால்தான் கட்டுமுன் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தமனி சரியாக இருக்குமானால், கணுக்காலில் 40 மில்லிமீட்டர் அழுத்தம் தரும் கட்டுதான் கசிவை ஊற்றிலேயே குறைப்பது. அது இல்லாமல் எந்தப் பசையும் நெடுநாள் தாங்காது. ஹாம்பர்க் நகரத்துத் தோல் வைத்தியர் உன்னா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே துத்தநாகப் பசை தோய்ந்த கட்டால் காலைச் சுற்றி, தோலையும் காத்து அழுத்தமும் கொடுத்தார்.

பெரியப்பாவின் காலை வைத்தியர் சோதித்து அப்படிக் கட்டச் சொன்னபின் புண் மூட எட்டு மாதமாயிற்று. திண்ணையில் கழிந்த மூன்று மாதத்தில் விரிந்த ஓரமே மூடுவதற்குக் கடைசியாக நின்றது. உங்கள் வீட்டிலும் இப்படியொரு கால் இருக்குமானால், இன்று கட்டைப் பிரிக்கும்போது புண்ணைப் பார்க்குமுன் அதன் கீழோரத்துத் தோலைப் பாருங்கள். வெளுத்திருந்தால் நாளைக்குக் கட்டை இன்னும் சீக்கிரமாக மாற்றுங்கள்.